மரவள்ளியைக் காத்த சிறு குளவி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இம் மேடையில் இலக்கியம் பேசவல்லார் பலர் உளர். நாட்டியமும் நாடகமும் திரைக்குப் பின்னால் காத்திருக்கின்றன. அவற்றுக்கு நடுவே நமக்குக் கிடைத்த சிறு பொழுதில் ஒரு குளவியின் வரலாற்றைக் கூற எண்ணுகிறோம். குளவிக்கும் தமிழ்ச் சங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு நம் அடுக்களையில் உள்ளது.

நவராத்திரி பிறந்தால், இச் சோட்டாநாகபுரிச் சீமையில் நமக்கு அடுத்த குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் அன்பர்கள் விரதம் காக்கின்றனர். அரிசியும் கோதுமையும் தொடாத அந்நாட்களில் அவர்கள் உண்பது 'சாபூதானா'. அதனை ஊறவைத்து, வேர்க்கடலையும் உருளைக்கிழங்கும் சேர்த்துக் கிளறி, நமக்கும் ஒரு கிண்ணம் அனுப்பி வைப்பது வழக்கம். அந்தச் சாபூதானா வேறொன்றுமன்று. நம் வீட்டில் பாயசமும் வடாமும் ஆகின்ற சவ்வரிசியே. வட நாட்டார் விரதத்துக்கு வேண்டிய அச் சவ்வரிசியில் பெரும்பகுதி நம் சேலம், நாமக்கல் வட்டாரங்களில் விளையும் மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருவது. கிழங்கை அரைத்துப் பாலெடுத்து, மாவைப் படியவைத்து, உருட்டி, வறுத்து, உலர்த்தி மூட்டை கட்டுகிறார்கள். அம் மூட்டைக்கு 2020ஆம் ஆண்டில் ஓர் ஆபத்து நேர்ந்தது. அவ் ஆபத்தை எதிர்க்கக் கடல் கடந்து வரவழைக்கப்பட்டதே நாம் சொல்லவந்த குளவி. அதன் பெயர் அனாகைரஸ் லோபெஸி. பெயர் வாயில் நுழையவில்லையாயின் பாதகமில்லை. ஆனால் இக் கதையில் பெயர் என்பது சிறிய விஷயமன்று என்பதைப் பின்னால் காண்போம்.

'குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்' என்று நம் பாட்டிமார் கூறுவர். சுவர் மூலையில் மண்கூடு கட்டும் குளவி, எங்கிருந்தோ ஒரு பச்சைப் புழுவைத் தூக்கிவந்து கூட்டுக்குள் அடைக்கிறது. சில நாட்கள் சென்றபின் அக் கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளிவருவது குளவி. புழு போயிற்று, குளவி வந்தது. ஆதலின் புழுவே குளவியாயிற்று என்று முன்னோர் கொண்டனர். வேதாந்திகளும் இதனை உவமையாக எடுத்தாண்டனர். உவமை அழகியதே. ஆயினும் நடப்பது வேறு. தாய்க் குளவி புழுவைக் கொட்டி அசைவற்றதாக்கி, அதன் அருகே ஒரு முட்டையை இட்டுக் கூட்டை மூடிவிடுகிறது. முட்டையினின்று வரும் குஞ்சு, அழுகாமல் உயிரோடு கிடக்கும் அப் புழுவைத் தின்று வளர்ந்து, குளவியாகி வெளிப்படுகிறது.

மண்கூடு கட்டும் குளவியை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். ஆனால் கூடு கட்டாத குளவிகள் ஆயிரக்கணக்கான வகை உண்டு. அவை இரையைத் தூக்கிச் செல்வதில்லை. இரையின் உடலையே கூடாகக் கொண்டுவிடுகின்றன. உயிருள்ள பூச்சி ஒன்றின் உடலுக்குள் முட்டையிட்டுவிட்டுத் தாய் போய்விடுகிறது. குஞ்சு உள்ளேயே பொரிந்து, உள்ளேயே உண்டு, உள்ளேயே கூட்டுப்புழுவாகிப் பின் வெளியேறுகிறது. இவற்றை ஒட்டுண்ணிக் குளவி என்பர். அச் சொல் நமக்கு முழு நிறைவு தரவில்லை. பேனும் உண்ணியும் ஒட்டுண்ணிகள்; அவை நம்மை உறிஞ்சினும் கொல்வதில்லை. இக் குளவியோ, தான் வளர்ந்த உடலைக் கொன்றே வெளிவருகிறது. வேறு நல்ல சொல் வழங்கும் வரையில் அதனையே வைத்துக்கொள்வோம்.

இனி அதன் இரையைப் பார்ப்போம். செடியின் தண்டிலும் இலையடியிலும் செதில்போல் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் பூச்சிக் குலம் ஒன்றுண்டு. செதிற்பூச்சி என்பது அதன் பொதுப்பெயர். பார்த்தால் பூச்சியென்றே தோன்றாது. பட்டையில் எழும்பிய பரு என்று எண்ணிக் கடந்துவிடுவோம். இக் குலத்தில் பெண்ணுக்குச் சிறகில்லை. பல வகைகளில், ஓர் இடம் பற்றி உட்கார்ந்துவிட்டால் காலும் வேண்டாததாகிவிடுகிறது. வாயை ஊசிபோல் செடிக்குள் செலுத்தி, மேலே மெழுகாலோ பிசினாலோ ஒரு கூரை வேய்ந்துகொண்டு, ஆயுள் முழுவதையும் அங்கேயே கழித்துவிடுகிறது. இக் குலத்தின் ஒரு கிளை மாவுப்பூச்சி. செம்பருத்தியின் கொழுந்திலும், கொய்யாவின் காயிலும், வெள்ளை மாவு தூவினாற்போல் அப்பிக் கிடப்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். இதற்குக் கால்கள் உண்டு. மெல்ல ஊர்ந்து செல்லும். உறிஞ்சிய சாற்றில் மிஞ்சியதை இனிப்பு நீராகக் கழிப்பதால், எறும்பு மொய்க்கிறது; பின்னர் கரும்பூசணம் படர்கிறது.

மரவள்ளியைத் தாக்கும் மாவுப்பூச்சி ஒரு தனி வகை. அதில் ஆண் என்பதே இல்லை. பெண், துணையின்றியே நூற்றுக்கணக்கில் முட்டையிடுகிறது. அவை அனைத்தும் பெண்களாகின்றன. ஒன்றே ஒன்று தோட்டத்துக்குள் வந்தால் போதும். கொழுந்தில் அமர்ந்து உறிஞ்சத் தொடங்கியதும் நுனி குறுகி, இலைகள் சுருண்டு, முடிச்சிட்ட கொண்டைபோல் ஆகிவிடுகின்றன. கணு நீளாது, இலை விரியாது, இலையின்றிக் கிழங்கு பருப்பதெங்ஙனம்? மரவள்ளி விளைய எட்டு, பத்து மாதங்கள் ஆகும். கோடையில் கொழுந்தைப் பறிகொடுத்த குடியானவன் அவ்வாண்டு உழைப்பை ஏறத்தாழ முழுவதும் பறிகொடுத்தவனாகிறான்.

இப் பூச்சியின் பிறப்பிடம் தென்னமெரிக்கா. மரவள்ளிக்கும் தாயகம் அதுவே. பன்னூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் நம் நாட்டுக்கும் வந்த மரவள்ளி, தன் பகைவரைப் பிறந்தகத்திலேயே விட்டு வந்தது. ஆப்பிரிக்க மக்களுக்கு அது நம் சோறு போன்றது. அங்கே 1970களின் தொடக்கத்தில், காங்கோ ஆற்றை அடுத்த பகுதியில், இதுகாறும் எவரும் கண்டிராத மாவுப்பூச்சி ஒன்று மரவள்ளியில் தோன்றிற்று. நடுவதற்கு வெட்டி எடுத்துச் செல்லும் குச்சிகளோடு அது ஊர் ஊராகச் சென்றது. குஞ்சுகள் காற்றிலும் பறந்தன. பரிசோதகர் கண்ணில் படாத டிக்கெட் இல்லாப் பிரயாணி அது. சில ஆண்டுகளுக்குள் நாடு நாடாகப் பரவியது. பூச்சி கடுமையாகப் பற்றிய இடங்களில் கிழங்கு விளைச்சல் பெரும்பகுதி அழிந்தது.

மருந்தடித்தால் என்ன என்று கேட்பது இயல்பு. மாவுப்பூச்சியின் மேலுள்ள மெழுகுத் தூள் மருந்து நீரை ஒட்டவிடாது. அது உட்கார்ந்திருப்பதும் சுருண்ட கொழுந்தின் உள்மடிப்பில். மேலும் அந் நாட்டுக் குடியானவனுக்கு மருந்து வாங்கக் கையில் காசில்லை. இருந்தாலும், இலையையும் கீரையாகச் சமைத்து உண்ணும் மக்கள் அங்கே பலர். நஞ்சு தெளித்த இலையை எப்படி உண்பது?

நைஜீரியா நாட்டில் இபாதான் நகரிலுள்ள வெப்பமண்டல வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் அப்போது பணியேற்றவர் ஹான்ஸ் ஹெரன் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர். பூச்சி எங்கிருந்து வந்ததோ அங்கே அது ஏன் பெருகவில்லை என்பதே அவரும் அவருடைய தோழர்களும் எழுப்பிய கேள்வி. பிறந்தகத்தில் அதனை அடக்கிவைக்கும் பகைவன் ஒருவன் இருக்கவேண்டும். அவனைத் தேடிப் பிடித்து வந்தால் போதும். சொல்வதற்கு எளிது. தென்னமெரிக்கா ஒரு கண்டம். தேடுவதோ ஒரு கடுகளவு உயிரை.

தேடினர். கண்டத்தின் வடபகுதியில் மரவள்ளியில் ஒரு மாவுப்பூச்சி அகப்பட்டது. பார்வைக்கு அச்சாக அதேபோல இருந்தது. அதனைத் தாக்கும் குளவிகளும் அகப்பட்டன. ஆனால் அக் குளவிகளை ஆப்பிரிக்கப் பூச்சியிடம் விட்டபோது அவை அதில் வளரவில்லை. காரணம் பின்னரே விளங்கிற்று. அந்த வடபகுதிப் பூச்சி வேறு இனம். அதில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. ஆப்பிரிக்கப் பூச்சியிலோ பெண் மட்டுமே. மெழுகை நீக்கி, கண்ணாடிச் சில்லில் பதித்து, உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால்தான் இரண்டின் வேறுபாடு தெரியும். ஆப்பிரிக்காவை வருத்திய பூச்சிக்கு மத்தீல் பெரேரோ என்னும் பிரெஞ்சு அம்மையார் 1977-இல் பெனகாக்கஸ் மணிஹாட்டி என்று பெயர் வைத்திருந்தார். வழிதவறச் செய்த மற்றதற்கு 1981-இல் ஹெரனுடைய பெயரையே சூட்டினர். அறிவியலாரிடத்தும் நகைச்சுவை உண்டு போலும்.

நம்மைப் போல் இரயில்வேயில் பணிபுரிவோருக்கு இது எளிதில் விளங்கும். பார்சல் சிட்டையில் ஸ்டேஷன் குறியெழுத்து ஒன்று மாறினால் போதும். மூட்டையில் குறையில்லை, வண்டியில் குறையில்லை, ஆனால் சரக்கு போய்ச் சேருவது வேறு ஊருக்கு. குளவியிலும் குறையில்லை, அனுப்பியவரிடத்தும் குறையில்லை. பூச்சியின் பெயர்தான் வேறு.

இறுதியில் 1981-இல், கொலம்பியாவிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அந்தோனி பெலோட்டி என்பார், பராகுவே நாட்டில் உண்மையான மணிஹாட்டியைக் கண்டார். வடக்கே தேடியது தெற்கே இருந்தது. அதனோடு அதன் பகைவனும் இருந்தான். வியப்பு என்னவென்றால், அப் பகைவன் முன்பே பெயர் பெற்றவன். ஆர்ஜென்டீனா நாட்டறிஞர் டி சாந்திஸ் என்பவர் 1964-இலேயே லோபெஸி என்று அக் குளவிக்குப் பெயரிட்டு, உருவத்தை விளக்கி எழுதி வைத்திருந்தார். மாவுப்பூச்சிக்குப் பெயர் ஏற்படுவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னரே குளவிக்குப் பெயர் ஏற்பட்டுவிட்டது. பட்டினி தீர்க்கும் என்று எண்ணியா அவர் எழுதினார்? இருப்பதை இருப்பதாக ஒருவர் பதிந்து வைத்தார், அவ்வளவே. சிற்றுயிர்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு காலம் கழிக்கிறார்களே என்று எள்ளுவோரிடம் நாம் இச் செய்தியைச் சொல்வதுண்டு.

பராகுவேயில் பிடித்த குளவிகள் நேரே ஆப்பிரிக்காவுக்குச் செல்லவில்லை. முதலில் இங்கிலாந்தில் தனிக்காப்பில் வைத்துச் சோதித்தனர். ஏனெனில் குளவிக்குள்ளும் குளவி உண்டு. மாவுப்பூச்சிக்குள் வளரும் குளவிக் குஞ்சையே இரையாகக் கொள்ளும் வேறொரு சிறு குளவி கூட வந்துவிட்டால், காவற்காரனோடு திருடனையும் அழைத்து வந்ததாகிவிடும். சோதனை முடிந்து, 1981-இன் இறுதியில் நைஜீரிய வயல்களில் லோபெஸியை விட்டனர். சில ஆண்டுகளுக்குள் அந் நாட்டின் தென்மேற்குப் பகுதி முழுவதும் அது தானே பரவிற்று. தொலைவான இடங்களுக்கு விமானத்திலிருந்தும் குளவிகளை இறக்கினர். 1980களிலும் 1990களிலும் ஆப்பிரிக்காவின் மரவள்ளி நாடுகள் பலவற்றில் அது நிலைகொண்டது. ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு அளிக்கப்பெற்றது.

அப் பெரிய காரியம் செய்த குளவியின் அளவைக் கேளுங்கள். ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ரவையின் ஒரு பருக்கைக்குக் காலும் சிறகும் வைத்தாற்போல் இருக்கும். மனிதரைக் கொட்டாது; ஆதலால் தாய்மார்கள் அஞ்சவேண்டா. மாவுப்பூச்சி பற்றிய மரவள்ளி இலையிலிருந்து ஒரு வாசனை எழுகிறது. நமக்கு அது தெரியாது. பெண் குளவிக்குத் தெரியும். அவ் வாசனையைப் பிடித்துக்கொண்டு, காட்டில் ஒரே செடியில் நாலைந்து பூச்சி மட்டும் இருந்தாலும் தேடி வந்துவிடுகிறது. மருந்து தெளிக்கும் மனிதனால் இயலாத செயல் இது. இலைமேல் இறங்கி நடந்து, உணர்கொம்புகளால் பூச்சியைத் தட்டித் தட்டிப் பார்க்கிறது. மிகச் சிறிய பூச்சியாயின் குத்தி, ஊறும் நீரைத் தான் குடித்துவிடுகிறது, அதுவும் சாகிறது. சற்றே வளர்ந்ததாயின் ஆண் முட்டை. நன்கு பருத்ததாயின் பெண் முட்டை. கருவுற்ற முட்டை பெண்ணாகவும், கருவுறாதது ஆணாகவும் பிறப்பது குளவிக் குலத்தின் இயல்பாதலால், இத் தேர்வு தாயின் வசத்தில் இருக்கிறது. பெண்ணுக்கு உணவு மிகுதியாக வேண்டும் என்பதை உணர்ந்து அதற்குப் பெரிய பூச்சியை ஒதுக்குகிறது.

உள்ளே குஞ்சு வளர வளர, மாவுப்பூச்சியின் உடல் உப்பி, பழுப்பு நிறமாகி, கெட்டியான கூடாகிவிடுகிறது. எகிப்து நாட்டின் பதப்படுத்திய பிணங்களை நினைந்து இதனையும் 'மம்மி' என்றே அழைக்கின்றனர். வெயிற்காலத்தில் முட்டையிட்டதிலிருந்து ஏறத்தாழ இரண்டரை வாரத்தில், கூட்டின் ஒரு முனையில் வட்டமாகத் துளையிட்டுப் புதிய குளவி வெளியேறுகிறது. துளையுள்ள மம்மி கண்ணில் பட்டால், வேலை நடந்துவருகிறது என்று அறியலாம்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். செதிற்பூச்சிக் குலத்தோடு நம் நாட்டுக்குள்ள வழக்கு நேற்றுத் தொடங்கியதன்று. கும்பினியார் காலத்தில், சிவப்புச் சாயம் தரும் மெக்சிகோ நாட்டுச் செதிற்பூச்சியைக் கள்ளிச் செடியில் வளர்த்துப் பணம் பண்ண விரும்பி, சென்னையை அடுத்த சைதாப்பேட்டையில் டாக்டர் ஆண்டர்சன் என்பவர் கள்ளித் தோட்டமே போட்டார். 1795-இல் பிரேசிலிலிருந்து பூச்சி வந்தது. வந்தது வேறு இனம். நல்ல சாயம் தரவில்லை. கள்ளியை மட்டும் தின்று தீர்த்தது. அங்கேயும் பெயர்தான் பிழைத்தது. ஆயினும் அதிலிருந்து ஒரு வழி பிறந்தது. 1926-இல் இலங்கையிலிருந்து அக் குலத்தின் மற்றோரினத்தைக் கொணர்ந்து விட்டதும், நம் ஊர்ப்புறங்களில் வழி மறித்துக் கிடந்த சப்பாத்திக்கள்ளிப் புதர்கள் அழிந்தன. கள்ளி ஒழிந்த கதையை வீட்டுப் பெரியவர் வாயிலாகக் கேட்டவர் இங்கே இருக்கக்கூடும்.

அண்மைக் காலத்தில் 2008-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. பப்பாளியோடு நில்லாமல், மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி என எதையும் விடவில்லை. ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துப் பட்டுப்புழு வளர்ப்போரின் நிலை மிகவும் இரங்கத்தக்கது. மருந்தடிக்காவிட்டால் மல்பெரி இலை இல்லை. மருந்தடித்த இலையைப் போட்டால் புழு சாகும். மற்றவர்கள் திரும்பத் திரும்ப மருந்தடித்தனர். மாவுப்பூச்சி திரும்பத் திரும்ப வந்தது. மருந்தில் முதலில் மாண்டவை, மாவுப்பூச்சியைத் தின்னும் வண்டுகளும் குளவிகளுமே. 2010-இல் அமெரிக்க வேளாண் துறையின் உதவியால் போர்ட்டோ ரீகோ தீவிலிருந்து மூவகைக் குளவிகள் பெங்களூருக்கு வந்தன. அவற்றுள் அசெரோபேகஸ் பப்பாயே என்பது தலைசிறந்து நின்றது. அங்குள்ள மத்திய அரசின் பூச்சி ஆராய்ச்சி நிலையமும், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதனை வளர்த்துக் குடியானவர்களுக்கு வழங்கின. அடுத்த ஆண்டிற்குள் பூச்சி பெரிதும் அடங்கிவிட்டது. மருந்துச் செலவு மிச்சம், மல்பெரி மீண்டது.

இந்த அனுபவம் இருந்தமையால், 2020-இல் கேரளத்துத் திருச்சூர்ப் பகுதியில் மரவள்ளி மாவுப்பூச்சி காணப்பட்டபோது யாரைத் தேடவேண்டும் என்பது நம் அறிஞர்களுக்குத் தெரிந்திருந்தது. தாய்லாந்தும் அதே வழியில் சென்றிருந்தது. அங்கே 2008-இல் பூச்சி வந்தது. 2009-இல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து லோபெஸியைத் தருவித்தனர். திருச்சூரில் தோன்றியது விரைவில் நம் சேலம், நாமக்கல் தோட்டங்களையும் அடைந்தது. கொழுந்து கொண்டையிட்டது. பெங்களூர் நிலையத்தார் 2021-இல் பெனின் நாட்டிலிருந்து குளவியை வரவழைத்தனர். உடனே வயலில் விட்டுவிடவில்லை. மூடிய அறையில் வைத்து, பிற பூச்சிகளைத் தொடுகிறதா, தன் இரையை மட்டுமே நாடுகிறதா என்று சோதித்தபின், 2022 மார்ச்சு மாதத்தில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாக விட்டனர். பராகுவேயில் பிறந்து, இங்கிலாந்தில் சோதனை கண்டு, நைஜீரியாவிலும் பெனினிலும் குடும்பம் பெருக்கி, நம் சேலத்துக்கு வந்து சேர்ந்த குளவி அது. ஊர்விட்டு ஊர் மாற்றலாகிப் பிழைக்கும் நம்மில் எவருக்கும் அத்தனை ஸ்டேஷன்கள் வாய்க்கவில்லை.

இதில் குடியானவனுக்கு ஒரு சங்கடம் உண்டு என்பதையும் மறைக்கலாகாது. மருந்தடித்தால் மறுநாளே பத்துப் பூச்சி செத்துக் கிடப்பதைக் கண்ணால் காண்கிறான். குளவி விட்டால் ஒரு மாதம், இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். பயிர்க்கடன் வாங்கியவனிடம் காத்திரு என்று சொல்வது எளிதன்று. பக்கத்துத் தோட்டக்காரர் பொறுமையிழந்து மருந்தடித்தால், காற்றோடு வரும் நஞ்சில் இவர் விட்ட குளவியும் மடிகிறது. ஆகவே இது தனியொருவர் செய்யத்தக்க காரியமன்று. ஊர் கூடிச் செய்யவேண்டியது. புதிதாக நடும் குச்சியையும் பூச்சியில்லாத தோட்டத்திலிருந்தே எடுக்கவேண்டும். இல்லையேல் குளவி ஒருபுறம் தின்ன, குச்சி மறுபுறம் கொண்டுவந்து சேர்க்கும்.

இத்தனையும் கேட்டபின், குளவியெல்லாம் நம் நண்பர் என்று முடிவு கட்டிவிடலாகாது. நாம் குடியிருக்கும் இம் மண்ணிலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது. ஸ்டேஷன் பணப்பைக்கு முத்திரையிடும் அரக்கு, பெண்டிர் கைக்கு அரக்கு வளை, மேசை நாற்காலிக்கு மெருகு, இவை யாவும் ஒரு செதிற்பூச்சியின் பிசின். பலாச மரத்திலும், இலந்தையிலும், குசும் மரத்திலும் அரக்குப் பூச்சியை ஏற்றி வளர்ப்பது இந் நாட்டுப் பழங்குடி மக்கள் பலருக்குக் கைகொடுக்கும் தொழில். இராஞ்சியை அடுத்த நாம்கும்மில் 1924-இல் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. இன்று வேறு பெயருடன் நடந்துவருகிறது. அவ் அரக்குப் பூச்சிக்குள்ளும் முட்டையிடும் குளவிகள் உண்டு. அவற்றுள் ஒன்றுக்கு டக்கார்டியேபேகஸ் என்று பெயர். அரக்குப் பூச்சியின் பழைய இலத்தீன் பெயரோடு 'உண்பது' என்னும் சொல்லைச் சேர்த்தது. சேலத்தில் கொண்டாடப்படும் அதே தொழிலை இங்கே செய்தால் அது திருட்டு.

இங்குள்ளோர் செய்யும் தந்திரம் நம் மனத்தைக் கவர்ந்தது. பூச்சி நிறைந்த விதை அரக்குக் குச்சிகளை, நெருக்கமான கண்களையுடைய நைலான் வலைப்பைக்குள் இட்டு மரக்கிளையில் கட்டிவிடுகின்றனர். அரக்குப் பூச்சியின் குஞ்சு மிகமிகச் சிறியதாதலால் வலைக்கண் வழியே வெளியேறிக் கிளையைப் பற்றிக்கொள்கிறது. குளவியும், அரக்கைத் தின்னும் அந்துப்பூச்சியும் பருத்தவையாதலால் பைக்குள் அகப்பட்டு மடிகின்றன. அவ் அந்துப்பூச்சியே அரக்குக்குக் குளவியினும் பெரிய பகை. அதனுடைய முட்டைக்குள் முட்டையிடும் வேறொரு குளவியை ஆராய்ச்சியாளர் அதன்மேல் ஏவுகின்றனர். ஒரே மரத்தில் ஒரு குளவி பகை, மற்றொரு குளவி நட்பு. எது எதனை நாடும் என்று அறிந்தவனுக்கே இவ் வேறுபாடு பயன்படும்.

காலனித் தோட்டத்தில் செம்பருத்தியும் கொய்யாவும் வைத்திருக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளை மாவைக் கண்டவுடன் மருந்துப் புட்டியைத் தேடவேண்டா. நம் வீட்டு மாவுப்பூச்சிகளுக்கும் அவற்றுக்கேற்ற குளவிகள் இந் நாட்டில் உண்டு. முதலில் பூதக்கண்ணாடி ஒன்றைக் குழந்தைகள் கையில் கொடுத்து, உப்பிய பழுப்பு நிறக் கூடுகள் தென்படுகின்றனவா, அவற்றில் வட்டத் துளை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எறும்பு மிகுதியாக ஏறியிறங்கினால், முதலில் எறும்பின் வழியை அடைத்துவிடுங்கள். இனிப்பு நீரின் ஆசையால் எறும்பு மாவுப்பூச்சிக்குக் காவல் நின்று குளவியை விரட்டும்.

மிகவும் பற்றிய கொழுந்துகளைக் கிள்ளியெறிவதானால், குப்பையில் போடாமல் ஒரு கண்ணாடிப் புட்டியில் இட்டு, வாயை மெல்லிய மல் துணியால் கட்டி, வெயில் படாத சன்னலோரம் வையுங்கள். கொழுந்து வாட வாட மாவுப்பூச்சி பட்டினியால் சாகும். குளவி இருந்தால், இரண்டு மூன்று வாரங்களுக்குள் வெளிச்சத்தை நாடித் துணிக்கு அடியில் கரும்புள்ளிகளாக வந்து நடமாடும். காலை வேளையில் புட்டியைச் செடியருகே கொண்டுசென்று துணியை அவிழ்த்தால் அவை பறந்துவிடும். மிச்சத்தைச் சோப்பு நீரில் கொட்டிவிடலாம்.

நாடகத்தார் ஒப்பனை முடித்துவிட்டதாகச் செயலாளர் சைகை காட்டுகிறார்.